வரிக்காரி நீவெஸ்

மோந்தேகாலா என்ற இத்தாலியத் துறைமுக ஊரில் நீவெஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கை நீட்டுவாள், ஆனால் கை சுத்தம். இரண்டுக்கும் ஊரே சாட்சி.

பதினெட்டு வருடம் நெத்திலிக்கு உப்புப் போடும் கொட்டகையில் வேலை பார்த்தவள் அவள். ஒருநாள் ஒரு டப்பா குறைகிறது என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் அவளுடைய பையைத் திறக்கச் சொன்னான். திறந்தாள். உள்ளே ஒரு ரொட்டித் துண்டும் வீட்டுச் சாவியும்தான் இருந்தன. அவன் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "வேற எங்க ஒளிச்சு வச்சிருக்க?" என்று கேட்டான். பீப்பாய் மேல் வைக்கும் அழுத்தக் கல்லை எடுத்து ஒரே போடு. அவன் தாடை இரண்டாகப் போயிற்று, அவளுக்கு வேலை போயிற்று.

அந்தக் கல்லைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் கஜ்ஜேரோ அவளைத் தேடி வந்தான். படிக்கட்டுத் தெருவில் அவனுக்கு ஒன்பது வீடுகள். எல்லாவற்றையும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் கணக்கில் விடுகிறான். அவளுக்கு வேலை, சாவி கொடுப்பது, விரிப்பு மாற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாக நகராட்சியின் தங்கல் வரியை வாங்குவது. ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு இரண்டரை யூரோ. முதல் ஐந்து இரவுக்குத்தான் வரி, அதற்கு மேல் எத்தனை நாள் தங்கினாலும் கூடுதலாகக் கிடையாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் அறவே கிடையாது.

வாடகையோடு எல்லாமே கட்டியாகிவிட்டது என்பார்கள் வருகிறவர்கள். நீவெஸ் வாசலில் காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "அது வீட்டுக்கு. இது ஊருக்கு" என்பாள். முறைத்தால் முறைப்பாள். தள்ளினால் அடிப்பாள். மிலானிலிருந்து வந்த ஒரு வக்கீலைச் சட்டைக் காலரைப் பிடித்துக் குப்பைத் தொட்டிவரை இழுத்துப் போயிருக்கிறாள். குடித்துவிட்டு வந்த மூன்று பேரைத் துடைப்பக் கட்டையால் விளாசியிருக்கிறாள். அதில் ஒருவன் அவள் காதைக் கடித்துவிட்டான், தழும்பு இன்னும் இருக்கிறது. திங்கள்கிழமை காலையில் கஜ்ஜேரோவின் கையில் உறையைக் கொடுக்கும்போது அதில் ஒரு சென்ட் குறைந்ததில்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு கட்டுத் தாள் தொங்கிக்கொண்டிருக்கும். நகராட்சி கொடுத்தது. யாராவது வரி கொடுக்க மறுத்தால் அவரிடமே அதில் கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். பிறகு வசூலிப்பது அவர்கள் பாடு. "அதெல்லாம் கோழைங்களுக்கு. உனக்கு எதுக்கு?" என்று கஜ்ஜேரோ சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆறு வருடத்தில் ஒரு தாளைக்கூட அவள் கிழித்ததில்லை. அதில் அவளுக்குத் தாங்க முடியாத கர்வம்.

போன ஆகஸ்டில் மட்டும் ஒன்று நடந்தது. டென்மார்க்கிலிருந்து தனியாக வந்த டோர்தே என்ற அம்மாள், பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர், படியில் நின்றபடி, கட்டியாகிவிட்டது என்று போனைக் காட்டிக்கொண்டே இருந்தார். "போன்ல ஆயிரம் இருக்கும்" என்று நீவெஸ் அவர் தோள்பையைப் பற்றி இழுத்தாள். வார் அறுந்தது. அந்த அம்மாள் ஆறு படி உருண்டார். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த சத்தம் நீவெஸுக்கே கேட்டது. புகார் எதுவும் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது மேசையில் பன்னிரண்டரை யூரோவைச் சரியாக எண்ணி வைத்துவிட்டுப் போயிருந்தார். 'கொடுக்க வேண்டியதை அப்பவே கொடுத்திருந்தா இது எதுக்கு?' என்று நீவெஸ் மனதை ஆற்றிக்கொண்டாள். முழுக்க ஆறவில்லை.

இந்த ஜூனில் யோஸ்ட் வந்தான். ஹாலந்துக்காரன், கதவு நிலை உயரம். கூட மனைவி, இரண்டு சின்னப் பெண்கள்.

"பெரியவங்க ரெண்டு பேர், அஞ்சு ராத்திரி. இருபத்தஞ்சு யூரோ" என்றாள் நீவெஸ்.

"கட்டியாச்சும்மா. இதோ, பில்லுலயே 'ஊர் வரி'ன்னு தனியா போட்டிருக்கு. பாருங்க."

"நான் பாக்க வேண்டியது நோட்டைத்தான்."

"ரெண்டு தடவ கட்ட நான் என்ன கேனையனா?"

அவன் கதவைச் சாத்தப் போனான். அவள் வழக்கம்போலக் குறுக்கே போனாள். காலுக்குப் பதில் இந்த முறை கை அகப்பட்டது. கனமான பழைய கதவு, வலது கையில் இரண்டு விரல்களை நசுக்கிவிட்டது. வலியில் அவள் தலையாலேயே அவன் மார்பில் முட்டினாள். அவன் பின்னால் விழுந்து, எழுந்து, மூடிய கையால் அவள் முகத்தில் விட்டான். மூக்கு உடைந்தது. மறுபடி பாய்ந்தாள், மறுபடி விட்டான். பெண் குழந்தைகள் வீறிட்டன. நீவெஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்க்கையில் முதல் தோல்வி.

யோஸ்டின் மனைவி உறைந்த பட்டாணிப் பையைக் கொண்டுவந்து நீவெஸின் மூக்கில் வைத்தாள். "டாக்டர்கிட்டப் போலாம்" என்றான் யோஸ்ட்.

"டாக்டர் கிடக்கட்டும்" என்றாள் நீவெஸ். பணமும் இல்லாமல் தாளும் இல்லாமல் போனால், அந்தப் பணத்தை அவள் எடுத்துக்கொண்டாள் என்று நாளை ஒருவன் சொல்வான். மூக்கு உடைந்ததைவிட அதுதான் அவளுக்குப் பயம். "அந்த ஆணியில தொங்குது பாரு, அதுல ஒண்ணு கிழி. குடுக்கமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

போட்டான். தாளில் அவளுடைய ரத்தம் சொட்டியிருந்தது.

மறுநாள் காலை, விரல்களுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு நகராட்சி ஜன்னலில் தாளை நீட்டினாள். அங்கே குமாஸ்தாவாக இருக்கும் மிரெல்லா கணினியில் தட்டிப் பார்த்தாள்.

"நீவெஸக்கா, இவரு கட்டிட்டாரே."

"எனக்குக் கட்டலடி."

"உங்களுக்கு எதுக்குக் கட்டணும்? ரெண்டு வருஷமா, ஆன்லைன்ல வீடு பதிவு பண்ற தளமே வரியைப் புடிச்சு எங்களுக்கு நேரா அனுப்பிடுது. பில்லுல இருந்தா அதோட சரி, வாசல்ல யாரும் கேக்கக் கூடாது. உங்க முதலாளிக்குக் கடுதாசி போட்டோமே. உங்க வீடுங்களேருந்து ஒரு மறுப்புத் தாள்கூட வந்ததில்ல, அதனால நாங்க எதையும் தோண்டல."

நீவெஸ் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் நான்கு வருடம் அவள் வாங்கியது ஊரின் வரி. அதற்குப் பிறகு வாங்கியது வழிப்பறி. வாசலில் போனைக் காட்டிய ஒவ்வொரு முகமும் நினைவுக்கு வந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை.

கஜ்ஜேரோ துறைமுகக் காப்பிக் கடையில் பால் காப்பியில் உப்பு ரொட்டியைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு வருஷ உறை எங்க போச்சு?" என்றாள்.

"மெதுவாப் பேசு."

"எங்க போச்சு?"

"உன் சம்பளம் எங்கேருந்து வந்துச்சுன்னு நெனச்ச? சாவி குடுக்குறதுக்கா அவ்வளவு தரேன்? பயமுறுத்துறதுக்குத்தான். நீயும் தின்ன, நானும் தின்னேன். வாயை மூடிட்டுப் போ."

அவளுடைய இடது கையில் ஒன்பது வீட்டுச் சாவிகளும் ஒரே வளையத்தில் இருந்தன. அந்தக் கையாலேயே அவன் வாயில் விட்டாள். முன்பற்கள் கோப்பைக்குள் விழுந்தன. தலைமுடியைப் பிடித்து முகத்தைக் கல் மேசையில் மோதினாள், இரண்டாம் முறையும் மோதினாள். கடையில் ஏழு பேர் இருந்தார்கள், ஒருவரும் எழுந்து தடுக்கவில்லை. மூன்றாவதுக்கு ஓங்கியவள் நிறுத்திக்கொண்டாள். இவனை அடித்தால் அந்த டென்மார்க் அம்மாளின் ஒடிந்த கை கூடிவிடாது என்று தோன்றியது. சாவி வளையத்தை அவன் மடியில் போட்டுவிட்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

நிலையத் தலைவர் அவள் முகத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்தார். "உக்காருங்க நீவெஸ். மூக்கை உடைச்சவன் பேரு?"

"அவனை விடுங்க. அவன் கட்டிட்டான்."

"அப்ப யாரு மேல புகார்?"

"கஜ்ஜேரோ மேல ஒண்ணு. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு எழுதுங்க." கட்டுப் போட்ட கையை மேசைமேல் வைத்தாள். "போன ஆகஸ்ட், படிக்கட்டுத் தெரு, பதினாலாம் நம்பர் வீடு. டோர்தேன்னு ஒரு டீச்சரம்மா. பையைப் புடுங்கிக் கையை ஒடிச்சு, பன்னெண்டரை யூரோ திருடினது நான்."