ஒன்பது கீறல் முட்டைகள்

என் மாமா சென்ற மாதம் ஓய்வு பெற்றார். ஓசூரில் நடந்த பிரிவுபசார விழாவில், அவர் தலைமையேற்று நடத்திய கம்பெனிகளை ஒருவர் மேடையில் வரிசையாகச் சொன்னார். பிரேக் செய்யும் கம்பெனி, கியர் பெட்டி செய்யும் கம்பெனி, கடைசியாக டிராக்டர் உதிரிபாகக் கம்பெனி. நாமக்கல்லில் ஒரு கோழிக்கூண்டுத் தொழிற்சாலையை ஏழு மாதம் நடத்தியதை மட்டும் அவர் சொல்லவில்லை. அந்த ஏழு மாதம் ஏன் முடிந்தது என்று சரியாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் சால்வைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். இன்னொருத்தி நான்.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் உறவில் முதன்முதலாக இன்ஜினியரிங் படித்தவர். அதனால் மிக்சி ஓடாவிட்டாலும் கிணற்று மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூப்பிடுவார்கள். தான் படித்தது வேறு என்று ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். பிறகு ஸ்க்ரூடிரைவரோடு கிளம்பிவிடுவார். ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவரை மோகனூர்ப் பக்கத்து முதலாளி ஒருவர் அழைத்து, நாமக்கல்லுக்கு வெளியே இருந்த தன் கூண்டுத் தொழிற்சாலையை முழுப் பொறுப்பாக ஒப்படைத்தார். மாமாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. எங்கள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய்வந்தார். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். பெரியவர்களிடம் பேசுவதுபோல என்னிடம் பேசிய ஒரே பெரியவர் அவர்தான். அவர் எங்கள் வீட்டைவிட்டு எங்கும் போகக்கூடாது என்பது அந்த வயதில் எனக்கிருந்த ஒரே வேண்டுதல்.

முட்டைக் கோழிகள் இருக்கும் கூண்டின் அடிப்பக்கம் சரிவாக இருக்கும். கோழி இட்டதும் முட்டை தானாக உருண்டு முன்னால் இருக்கும் கம்பித் தொட்டிக்கு வந்துவிடும். அது மெதுவாக உருண்டால் கோழி கொத்திவிடுகிறது, எச்சமும் ஒட்டிக்கொள்கிறது. எனவே மாமா சரிவைக் கொஞ்சம் கூட்டி ஒரு புதுக் கூண்டு வரைந்தார். தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது. முதலாளிக்கு அரைமனது. எங்கள் அப்பாவின் கோழிப்பண்ணையில் ஒரு வரிசை வைத்துப் பார்ப்பது, சரியாக அமைந்தால் இனி எல்லாக் கூண்டும் அப்படியே செய்வது என்று பேசி முடித்தார்கள்.

அன்று அடுப்படியில் அம்மா அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"இந்தக் கூண்டு மட்டும் நல்லபடியா அமஞ்சா தம்பி இங்கயே இருந்துக்குவானுங்க. இல்லீன்னா மறுக்கா ஓசூருக்குத்தான்."

கோடை விடுமுறையில் மாமா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். புது வரிசையில் விழும் முட்டைகளை நான் மட்டுமே எடுக்க வேண்டும். அதில் கீறல் விட்டவை எத்தனை என்று தினமும் ஒரு நோட்டில் பென்சிலால் எழுத வேண்டும். பண்ணையில் முட்டை எடுக்கும் அக்காக்கள் அவசரத்தில் தவறவிடுவார்கள், ஒரே கை எடுத்தால்தான் எண் சரியாக இருக்கும் என்பது அவர் கருத்து. அவருடைய திட்டத்தில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கை யாருடையது என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

கீறலைக் கண்டுபிடிக்க அக்காக்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு முட்டைகளை லேசாகத் தட்டினால், நல்லது கணீரென்று சத்தம் கொடுக்கும். கீறல் இருந்தால் மொத்தென்று கேட்கும். பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நல்ல முட்டை தின்று வளர்ந்ததாக வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். நல்லதெல்லாம் லாரியில் போய்விடும். எங்கள் தட்டுக்கு வந்ததெல்லாம் மொத்தென்று கேட்டவைதான்.

பழைய வரிசையில் ஒரு நாளைக்கு இரண்டோ மூன்றோ கீறும். புது வரிசையில் முதல் நாள் ஒன்பது. நோட்டில் அழகாக எழுதிக் காட்டினேன். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் மறுசோறு வாங்கவில்லை.

அடுத்த நாள் பதினொன்று. நான் மூன்று என்று எழுதினேன்.

"மூணுதானா? கோழி பழகிருச்சாட்ட இருக்குது சாமி!" என்று மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். சாயங்காலம் பைக்கில் நாமக்கல் கூட்டிப்போய் ரோஸ் மில்க் வாங்கிக்கொடுத்தார். அதற்குப் பிறகு நான் எங்கே உண்மை எழுதப்போகிறேன்? இரண்டு, மூன்று, ஒன்று, மறுபடி இரண்டு என்று மாற்றி மாற்றி எழுதினேன். ஒரேயடியாகப் பூஜ்யம் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற அறிவு எப்படியோ அப்போதே இருந்தது. எழுதாத முட்டைகளைக் கொட்டகைக்குப் பின்னால் எங்கள் செவலை நாய்க்கு ஊற்றிவிடுவேன்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. மாமா நோட்டை முதலாளியிடம் காட்டினார். முதலாளிக்கும் முழுமனது வந்துவிட்டது. நாமகிரிப்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய பண்ணை கேட்டிருந்த கூண்டுகளைப் புது அளவிலேயே செய்வது என்று முடிவாகி, கம்பிகளை வெட்டி அடுக்கிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அப்பா வெளியே பார்த்துச் சொன்னார்: "நம்ம செவலையப் பாத்தீங்களா மாப்ள? பொழுதுக்கும் படுத்துக் கெடக்குது, மேலு என்னமோ எண்ண தேச்சாப்பல மினுங்குது."

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவர் என்னைப் பார்த்தார், நான் ரசத்தைப் பார்த்தேன்.

மறுநாள் காலை நான் போவதற்கு முன்பே அவர் புது வரிசைக்கு முன்னால் நின்றிருந்தார். எனக்குப் பின்னாலேயே வாலை ஆட்டிக்கொண்டு வந்த செவலை, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து என் கையைப் பார்த்தது. மாமா தொட்டியிலிருந்து இரண்டிரண்டாக முட்டைகளை எடுத்துத் தட்டினார். கணீர், கணீர், மொத்து. மொத்தென்றவற்றைத் தரையில் தனியாக வைத்தார். பத்து இருந்தன.

"எத்தன நாளா, சாமி?"

"ரண்டாம் நாள்ல இருந்துங்க மாமா. நீங்க ஓசூருக்குப் போயிருவீங்கன்னுதானுங்க..." அதற்குமேல் எனக்கு அழுகைதான் வந்தது.

மாமா குத்தவைத்து உட்கார்ந்து என் முகத்தைத் துடைத்தார். "அழுவாத. ஊட்டுல ஆருகிட்டயுஞ் சொல்ல வேண்டாம். நானுஞ் சொல்ல மாட்டேன்" என்றார். பிறகு பல்கூட விளக்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போய் வெல்டிங்கை நிறுத்தினார்.

சாயங்காலம் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சோதனைய நாந்தானுங்க சரியாப் பாக்கல. தப்பு என்னோடதுங்க. அந்தக் கூண்ட அனுப்பிட்டம்னா பண்ணைக்காரருக்குத் தெனமும் நட்டமுங்க."

"இஞ்சினியருன்னு நம்பி உட்டனுங்களே தம்பி. வெட்டுன கம்பிய இப்ப என்ன பண்றது?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓரடி முன்னால் வைத்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

இப்போது நானும் ஒரு தொழிற்சாலையில் பொறுப்பில் இருக்கிறேன். தினமும் காலையில் நான்கு பேர் முந்தைய நாள் எண்களைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். எல்லோரும் என்மேல் மரியாதையும் கொஞ்சம் பிரியமும் உள்ளவர்கள். எண்கள் எல்லாம் நன்றாக இருக்கும் நாட்களில் நான் எழுந்து கீழே போய், கழிவுத் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

வெல்டிங்கை நிறுத்திய அந்த மாதக் கடைசியில் மாமா ஓசூருக்குக் கிளம்பினார். பஸ் ஏறுமுன் அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். நான் எழுதிய பொய்கள் எல்லாம் அப்படியே இருந்தன. ஒன்றில்கூட அவர் பேனா படவில்லை. முதல் நாள் எழுதிய ஒன்பதை மட்டும் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார்.

அந்த நோட்டில் அவர் நம்பக்கூடிய எண் அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தப்பான விடையைத்தான் சிவப்பு மையில் வட்டமிடுவார்கள். முதல் நாளும் இரண்டு என்றே எழுதியிருந்தால் மாமா போயிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, ரப்பரை எடுத்து, காகிதம் ஓட்டையாகும்வரை அந்த ஒன்பதை அழித்தேன்.