வீட்டுக்குள் தமிழ் கூடாது

நான் தமிழ் டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பின்னால் வருவதைப் படிக்கும்போது யாரோ விவரம் தெரியாத பொம்பளை செய்த காரியம் என்று நினைத்துக்கொள்வீர்கள். பதினோரு வருடமாக ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும் தமிழ் நடத்துகிறேன். நோட்டு திருத்தித் திருத்தி விரலில் காய்ப்பே காய்த்துவிட்டது. அப்படிப்பட்ட நான்தான், சிட்லபாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்குள் என் பிள்ளையிடம் யாரும் ஒரு வார்த்தை தமிழில் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

அதற்குக் காரணம் பெரியவள். இப்போது அவளுக்கு எட்டு வயது. அவளை எல்கேஜி சேர்க்க ஒரு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா ஒரு படத்தைக் காட்டி இங்கிலீஷில் இது என்ன என்று கேட்டார். இவள் கொஞ்சமும் யோசிக்காமல், "பூனை. எங்க தெருவுல மூணு இருக்கு. ஒண்ணு குட்டி போட்டிருக்கு" என்றாள். கேட்டவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான், தப்பு சொல்ல முடியாது. ஆனால் பட்டியலில் இவள் பேர் வரவில்லை. பக்கத்திலேயே வேறு பள்ளியில் சேர்த்தோம், நன்றாகத்தான் படிக்கிறாள். எனக்குத்தான் ஆறவில்லை. நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் இங்கிலீஷில் பேசிச் சிரிக்கும்போது, பாதி புரிந்தும் புரியாமலும் டீ கப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே சிரிப்பேன். அடுத்த குழந்தைக்கு அந்த நிலைமை வரக் கூடாது என்று, அவன் வயிற்றில் இருக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

முடிவு பண்ணியது சரி, என்னிடம் இங்கிலீஷ் இருக்க வேண்டாமா? கம், சிட், ஈட், ஸ்லீப், டோன்ட் டச், கேர்ஃபுல். அவ்வளவுதான் என் சரக்கு. ஒன்றரை வயதில் அவன் "தண்ணி" என்று கை நீட்டுவான். நான் டம்ளரைக் கொடுக்காமல் மேலே தூக்கிப் பிடித்து, "சே வாட்டர்" என்பேன். அவன் சொல்லும்வரை கொடுக்க மாட்டேன். தமிழ் வாயில் வந்தால் முறைப்பேன். அடித்ததில்லை. ஆனால் என் முறைப்பு எப்படி என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். இதை எழுத எனக்குக் கூசுகிறது, இருந்தாலும் நடந்தது இதுதான்.

இரண்டு வயதுக்கு மேல் அவன் பேச்சு குறைந்தது. மூன்று முடிந்தபோது சுத்தமாக நின்றுபோனது. வேண்டியதைக் கை காட்டுவான், இல்லையென்றால் தானே போய் எடுத்துக்கொள்வான். "பையன்னா லேட்டாத்தான் பேசுவான்" என்று ஆளாளுக்குச் சமாதானம் சொன்னார்கள். நானும் நம்பினேன். நாலு வயதை நெருங்கியும் அவன் என்னை அம்மா என்றும் கூப்பிடவில்லை, மம்மி என்றும் கூப்பிடவில்லை. வீட்டில் நான் எந்த அறையில் இருந்தாலும் தேடி வந்து புடவையைப் பிடித்து இழுப்பான்.

மாசி மாதம் குரோம்பேட்டையில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். காதைச் சோதித்தார்கள், பழுதில்லை. சொல்வதெல்லாம் அவனுக்குப் புரிகிறது என்றார்கள். கடைசியாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எங்களை உட்கார வைத்துப் பேசினாள். என்னைவிட வயதில் சின்னவள்.

"வீட்ல என்ன மொழி பேசுவீங்க மேடம்?"

"இங்கிலீஷ்" என்றேன். சொல்லும்போது ஒரு பெருமைகூட இருந்தது.

"நீங்களும் சாரும் சண்டை போட்டா?"

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தமிழ்லதாங்க. அதுவும் சுத்தத் தமிழ்" என்றார்.

"பையனைக் கொஞ்சும்போது?"

இங்கிலீஷில் எனக்குக் கொஞ்சத் தெரியாது. ஏவத்தான் தெரியும். பெற்ற பிள்ளையிடம் மூன்று வருடமாக ஏவிக்கொண்டு மட்டுமே இருந்திருக்கிறேன் என்பது, முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்ட பிறகுதான் உறைத்தது.

"ரெண்டு மொழி இருக்கறது ஒண்ணும் தப்பில்ல மேடம்" என்றாள் அவள். "உங்க வாய்க்கு எது தானா வருதோ அதுல பேசுங்க. வெயில் ஏறறதுக்குள்ள வாரா வாரம் எங்கயாவது கூட்டிட்டுப் போங்க. அவனைப் பேச வைக்கப் பார்க்காதீங்க, நீங்க பேசுங்க. ஜூன்ல வாங்க. அப்பவும் ஒண்ணும் மாறலைன்னா மத்த டெஸ்ட்டெல்லாம் எடுத்துப் பார்க்கணும்."

மத்த டெஸ்ட் என்றால் என்ன என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. ஆக, ஜூனுக்குள் அவன் என்னிடம் ஒரு வார்த்தையாவது பேசியாக வேண்டும். வேறெதுவும் என் மண்டைக்குள் ஓடவில்லை.

முதலில் எங்கள் ஏரிக்கரைக்குப் போனோம். சனிக்கிழமை காலை, நடைபாதை முழுக்க ரிட்டயர் ஆனவர்கள் கை வீசி நடந்துகொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் கொக்குகள் நின்றன. நான் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தேன். "லுக்" என்று வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். பிறகு, "அதோ பார், கொக்கு. கொக்கு வெள்ளையாக இருக்கும். கொக்கு மீன் தின்னும்" என்றேன்.

பெரியவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, அடுத்து டெஸ்ட் வைக்கப் போறியா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? இங்கிலீஷை விட்டதும் கைக்குக் கிடைத்தது பாடப் புத்தகம். வீட்டுப் பேச்சு எனக்கு மற்ற எல்லோரிடமும் வருகிறது. காய்கறிக்காரரிடம் வருகிறது, மாமியாரிடம் ஃபோனில் வருகிறது. இவன் முகத்தைப் பார்த்தால் மட்டும் வரவில்லை. அன்றைக்கு ஏரியை ஒரு சுற்று சுற்றி, ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம். அவன் வாயைத் திறந்தது ஸ்ட்ராவைக் கடிப்பதற்குத்தான்.

அடுத்த வாரம் சானடோரியம் ஸ்டேஷன். அங்கே நடைமேம்பாலத்தின் மேல் நின்றால் மின்சார ரயில் காலுக்குக் கீழேயே போகும். என் வீட்டுக்காரருக்கு இந்த வேலை நன்றாக வந்தது. "டேய், அதோ வர்றான் பாரு, தாம்பரத்துக்காரன். போடா போடா, லேட்டாயிடுச்சு உனக்கு" என்று ரயிலோடு பேசினார். பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தான். அவன் சிரித்த சத்தம் கேட்டது, சொல் மட்டும் வரவில்லை. இவர் எவ்வளவு சுலபமாகப் பேசுகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்று வருடமாக இவரும்தானே என் சட்டத்துக்குத் தலையாட்டினார்? சிறுசேரிக்குக் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் ராத்திரிதான் வருவார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை, அந்த நாட்களிலும் காதில் எப்போதும் ஒரு மீட்டிங். சட்டத்தை மீற அவருக்கு நேரம் இருந்ததில்லை.

பங்குனி முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூர் ஜூவுக்குக் கிளம்பினோம். எங்கள் ஃப்ளாட் கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் இஸ்திரி வண்டி நிற்கும். மரம் அப்போதுதான் துளிர்த்து, பூவைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. போகிற வழியில் துணி மூட்டையை வண்டிக்கார அக்காவிடம் கொடுத்தேன்.

"இன்னா டீச்சரம்மா, குடும்பத்தோட கெளம்பிட்டீங்க?"

"வண்டலூர்க்கா. மிருகத்தையெல்லாம் பார்த்தாலாவது இவன் ஏதாவது பேசுவானான்னு பார்க்கிறோம்."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "இது இன்னாம்மா புதுக் கதையா கீது. புள்ள நல்லாத்தானே பேசுது."

"யாரு?"

"உன் புள்ளதான். சாரு துணி எட்தாந்து குட்துட்டு, ஃபோன்ல பேசிக்கினே அந்தாண்ட போயிடுவாரு. இவரு இங்க நின்னுக்கினு கேள்வி மேல கேள்வி கேப்பாரு. பொட்டி ஏன் சுடுது, பூ ஏன் கீழ வுழுது, உன் வூடு எங்க கீது. வாயே மூடாது."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தியமா எனக்குத் தெரியாதும்மா" என்றார்.

"தமிழ்லயாக்கா பேசறான்?"

"பின்ன? எனக்கு இன்னா இங்கிலீஷா தெரியும்?" அக்கா குனிந்து பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "இன்னா ராசா, எங்க போற? சொல்லு." அவன் அக்காவைப் பார்த்து வாயெடுத்தான். உடனே என்னைத் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"உங்க எதிர்ல பேசாதுபோல" என்றார் அக்கா. அவர் மனதில் ஒரு குத்தலும் இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பொறாமை. என் பிள்ளையின் குரல் இப்போது எப்படி இருக்கும் என்று வண்டிக்கார அக்காவுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. அப்புறம் என் வீட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி பேசினேன். பத்தடி தள்ளி நின்று ஃபோனைக் கட்டிக்கொண்டு அழுத மனுஷனுக்குப் பிள்ளை பேசுவது காதில் விழவில்லையா என்று கேட்டேன். பெருங்களத்தூர் தாண்டிய பிறகுதான் எனக்குச் சூடு இறங்கியது. இறங்கியதும் மிச்சம் இருந்தது ஒரே ஒரு விஷயம். அவனுக்குப் பேச வரும், பேச ஆசையும் இருக்கிறது. என்னைப் பார்த்தால்தான் வாய் அடைத்துப்போகிறது. வேறு வீட்டுப் பிள்ளை யாராவது இப்படி இருந்தால், அந்த அம்மாவைப் பற்றி ஸ்டாஃப் ரூமில் நான் என்னென்ன பேசியிருப்பேன்!

ஜூவில் திருவிழாக் கூட்டம். பெரியவளுக்கு பேட்டரி வண்டியில் சுற்ற வேண்டும். அந்த வரிசை வளைந்து வளைந்து நின்றது. "நீங்க அவளைக் கூட்டிட்டுப் போய் நில்லுங்க, நாங்க இங்கயே இருக்கோம்" என்று அவர்களை அனுப்பிவிட்டு, புள்ளிமான் அடைப்புக்கு எதிரே மர நிழலில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். பிள்ளை என் பக்கத்தில், இரண்டு சாண் தள்ளி உட்கார்ந்தான். அந்த இரண்டு சாணை முன்பெல்லாம் நான் கவனித்ததே இல்லை.

மானைக் காட்டி என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மானைப் பற்றி எனக்கு ஒரு கட்டுரையே எழுத வரும். அதெல்லாம் வேண்டாம் என்று தோன்றியது. அவனைப் பார்க்காமல், மானைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தேன்.

"டேய் கண்ணு. அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுடா. சும்மா வர்ற மாதிரி நடிச்சிட்டிருந்தேன். ஸ்கூல்ல எல்லாரும் பேசும்போது அம்மா பேக்கு மாதிரி முழிப்பேன். நீ அப்படி முழிக்கக் கூடாதுன்னு உன் வாயைக் கட்டிப்போட்டேன். தண்ணி கேட்ட பிள்ளைக்குத் தண்ணி கொடுக்காம டம்ளரைத் தூக்கிப் பிடிச்சேன். அம்மா பண்ணது தப்புடா. பெரிய தப்பு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

இவ்வளவையும் நாலு வயதுகூட நிரம்பாத பிள்ளையிடம் சொல்கிறோமே, இதில் அவனுக்கு என்ன புரியும் என்றுதான் இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. இஸ்திரி அக்காவிடம் அவன் என்னென்ன பேசினான் என்று அம்மாவும் கேட்கணும் என்றேன். அவன் குரலைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்றேன். பக்கத்தில் மாங்காய்ப் பத்தை தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடைப்புக்குள் ஒரு குட்டி மான் தாயின் வயிற்றுக்கு அடியில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. தாய் அசையாமல் நின்றது. பிள்ளை பெஞ்சை விட்டு இறங்கி எட்டிப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது. ஏதோ வெளியே வரப் போகிற நேரம், சட்டென்று இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் அந்தக் கைகளை எடுத்துவிடவில்லை. என் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவன் மெல்ல வந்து என் முழங்காலில் சாய்ந்தான். காதைக் காட்டு என்பதுபோல் ஒரு கையால் என் தலையைப் பிடித்து இழுத்தான். குனிந்தேன். பொத்திய விரல்களுக்கு நடுவிலிருந்து, கொஞ்சம் கரகரத்த ஒரு சின்னக் குரல் வந்தது.

"திட்ட மாட்டியே?"

என் பிள்ளை என்னிடம் முதன்முதலாகக் கேட்ட கேள்வி அதுதான். மாட்டேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு சொல். எத்தனையோ பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவள் நான், எனக்கு அது வாயில் வரவில்லை. அவன் கையை வாயிலிருந்து எடுக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.