ஜடையைப் பிடித்த கை

இன்று அரண்மனை வாசலில், ஊறிய கொள்ளும் ஈரச் சாணமும் வியர்த்த தோல்வாரும் கலந்த வாசனை மூக்கில் ஏறியதுமே, சின்ன வயதில் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்து முனையில் இருந்த டாங்கா ஸ்டாண்டுக்கு, குதிரை வண்டிகள் நிற்கும் இடத்துக்கு, மனத்தால் போய்விட்டேன். புல் அரைபடும் சத்தமும், வால் ஈ விரட்டும் சத்தமும், டாங்காக்காரர் பாஷா மாமா தன் வெள்ளைக் குதிரையின் பின்பக்கம் போகும்போதெல்லாம் அதன் உடம்பிலிருந்து உள்ளங்கையை எடுக்காமல், கன்னடத்தில் "பந்தே, பந்தே" என்று, இதோ வந்துவிட்டேன் என்று, சொல்லிக்கொண்டே போவதும் திரும்பி வந்தன. அதைக் கொஞ்சல் என்றே நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அந்தக் குதிரை பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி நின்றபடியே தூங்கியது. தூங்குகிறவர்களை எழுப்பக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். நுனிக்காலில் பின்னால் போய் வாலைத் தொடக் கை நீட்டினேன். என்னை ஒருநாளும் அதட்டாத பாஷா மாமா, ஜடையைப் பிடித்து என்னைத் தரையில் தள்ளினார். குதிரை அசையவே இல்லை. அவமானத்தில் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

நினைவு கலைந்து திரும்பினால், என் மகள் செல்போனோடு ஓர் அலங்காரக் குதிரையின் பின்னால் நுனிக்காலில் நிற்கிறாள். அதன் காதுகள் பிடரியோடு படிந்திருந்தன. பின்னங்கால் ஒன்று எழும்பியிருந்தது. அவள் ஜடை என் கையில் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. அவள் கீழே விழுந்த பிறகு, குதிரை காலை மெல்லத் தரையில் வைத்தது.

"அது ஒண்ணுமே பண்ணலியேம்மா, எதுக்கு என்னை இழுத்தே?"

அவள் மேல் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டேன். டாங்கா ஸ்டாண்டு இருந்த இடத்தில் இப்போது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன. "பந்தே, மாமா" என்று போய் நிற்க அங்கே யாரும் இல்லை.