வேலியோர மரத்துக் கேமரா

என் மனைவியின் அண்ணன் நார்பர்ட் குபாஸ்டாவுக்கு ஊரில் உள்ள மனிதர்களின் பெயர் பாதி மறந்துபோகும். மான்களின் பெயர் மட்டும் ஒன்றுகூட மறக்காது. கோணக்கொம்பன், சாமியார், பெரியம்மா, வாடகைக்காரன் என்று தன் காட்டில் நடமாடும் ஒவ்வொன்றுக்கும் அவனே பெயர் வைத்திருக்கிறான். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன், பிறகு மச்சானானான். ஆகவே அவனைப் பற்றி மரியாதை இல்லாமல் எழுத எனக்கு இரண்டு வழியிலும் உரிமை உண்டு.

வடக்கு விஸ்கான்சினில் பனிக்காலம் நீளம். நார்பர்ட் சாலையில் பனி வாரும் லாரி ஓட்டுகிறான். மற்ற நாளெல்லாம் கேமராவோடுதான் குடித்தனம். மரத்தில் வாரால் கட்டிவிட்டால் போதும், முன்னால் எது அசைந்தாலும் தானாகவே படம் பிடித்துக்கொள்ளும் கேமரா அது. வேட்டைக்கு முன் எந்தக் கொம்பன் எந்த வழியில் வருகிறான் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் எல்லோரும்தான் கட்டுகிறார்கள். ஆனால் நார்பர்ட் கட்டுவது பூஜை மாதிரி இருக்கும். காலை வெயில் கண்ணாடியில் விழக் கூடாது என்று வடக்குப் பார்த்துத்தான் கட்டுவான். எதிரே ஒரு புல் உயரமாக நின்றாலும் மண்டியிட்டுப் பிடுங்குவான், இல்லாவிட்டால் காற்றில் ஆடும் அந்தப் புல்லைத்தான் ஆயிரம் படம் எடுத்து வைக்குமாம். மனித வாசம் பட்டால் மான் அந்தப் பக்கமே வராது என்று ரப்பர் பூட்ஸ் போடுவான், துணியைச் சமையல் சோடாவில் துவைப்பான், அன்று காலை காபிகூடக் குடிக்க மாட்டான். ஒருமுறை என் மேல் சோப்பு வாசம் அடிக்கிறது என்று என்னை வண்டியின் பின்பக்கம் ஏற்றி, நாய்க்குப் பக்கத்தில் உட்கார வைத்துக் கூட்டிப்போனான். நாய்க்கு என் மேல் எந்தப் புகாரும் இல்லை.

அப்படி எடுத்த படங்களை என்ன செய்வது? யாரிடமாவது காட்ட வேண்டும். அங்கேதான் அவனுக்குக் கஷ்டகாலம். ஆறு வருடமாகக் காட்டுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

"மாப்ள, இங்க பாரு. இவன் யாருன்னு சொல்லு?"

"மான்."

"மான்னு எனக்குத் தெரியாதா? எந்த மான்?"

"கொம்பு வச்ச மான்."

"உன்கிட்ட காட்டுறதும் ஒண்ணுதான், கோழிப்பண்ணையில காட்டுறதும் ஒண்ணுதான்" என்று பெருமூச்சு விட்டுக் கேமராவின் மெமரி கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான்.

முன்பெல்லாம் இந்தப் படங்களைப் பார்க்க டுவேன் ஹக்கலா இருந்தான். ரம்பமும் புல்வெட்டும் இயந்திரமும் பழுது பார்க்கிறவன், நார்பர்ட்டின் நிலத்துக்கு அடுத்த நிலக்காரன். வாலிப வயதிலிருந்து இரண்டு பேரும் டுவேனின் மரக்குடிசையில்தான் வேட்டைக்குத் தங்குவார்கள். டுவேனுக்குக் கேமரா பிடிக்காது. "சீட்டாட்டத்துல அடுத்தவன் கையை எட்டிப் பாக்குற வேலைடா இது" என்பான். ஆனால் திட்டிக்கொண்டே ஒரு படம் விடாமல் பார்ப்பான். "இது சாமியார் இல்லடா, காது கிழிஞ்சிருக்கு பாரு, சாமியாரோட தம்பி" என்பான். நார்பர்ட்டுக்கு அதுதான் விருந்து. படம் எடுத்ததே டுவேனிடம் அந்தச் சண்டை போடத்தான் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு ஒரு செப்டம்பரில் வேலியோர மரத்தில் கட்டியிருந்த கேமரா காணாமல் போனது. வார் அறுந்திருந்தது. அந்த மரம் எதுவென்று டுவேனைத் தவிர யாருக்கும் தெரியாது. நார்பர்ட் கணக்குப் போட்டுவிட்டான். அந்த வெள்ளிக்கிழமை மாலை ஊரே வறுத்த மீன் தின்ன மதுக்கடையில் கூடியிருந்தது. எல்லோர் முன்னாலும் டுவேனின் மேஜைக்குப் போய் நின்று சொன்னான்:

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். திருடியிருக்க வேண்டாம்."

நான் பக்கத்து மேஜையில் இருந்தேன். டுவேன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். நார்பர்ட்டை ஒரு நிமிடம் பார்த்தான். மீன் பாதி தட்டில் அப்படியே இருக்க, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

"பாத்தியா? வாயைத் திறந்தானா? எடுக்காதவன் சும்மா போவானா?" என்றான் நார்பர்ட்.

எனக்கு அந்த நேரத்தில் அவனை அறைய வேண்டும் போலிருந்தது. மனைவியின் அண்ணன் என்று விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து ஆறு வேட்டைக்காலம் நார்பர்ட் தனியாகத் தன் வண்டியில் உட்கார்ந்து ஆறிப்போன ரொட்டி தின்றான். பனிக்காலத்தில் வேறு கூத்து. பனி வாரும் லாரிக்காரன் தெரிந்தவர் வீட்டு வாசலைக் கடக்கும்போது முன்தகட்டை லேசாகத் தூக்கிக்கொள்வான், வாசல் அடைபடாது. டுவேன் வீட்டு வாசலில் மட்டும் நார்பர்ட் தூக்கவே இல்லை. ஒவ்வொரு பனிக்கும் வண்டிப்பாதையை மறித்து ஒரு மதிலே எழும்பும். டுவேன் மண்வாரியோடு வந்து பேசாமல் வெட்டி ஒதுக்குவான். நார்பர்ட்டும் ரம்பச் சங்கிலி மழுங்கினால் டுவேனிடம் தீட்டக் கொடுக்காமல் புதிதாக வாங்குவான். ஊரில் இரண்டு பேருமே நல்லவர்கள், அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த வருடம் மழை பொய்த்தது. எப்போதும் முழங்கால் அளவு சேறு நிற்கும் சதுப்பு காய்ந்து கிடந்தது. நவம்பர் தொடக்கத்தில் பாட்டரி மாற்ற நார்பர்ட் என்னையும் இழுத்துப்போனான். சுற்றிப் போகாமல் சதுப்பின் நடுவே குறுக்கே நடந்தோம். எனக்கு வயதுக்கேற்ற உபத்திரவம், பாதி வழியில் ஒரு சீடார் மரத்தின் பின்னால் ஒதுங்கினேன்.

"இங்கயா போவ? மான் நடக்குற வழிடா இது!" என்று அவன் பல்லைக் கடித்தான்.

"மானுக்கும் அவசரம் வரும், புரிஞ்சுக்கும்" என்றேன்.

குனிந்தபோதுதான் பார்த்தேன். வேருக்கு அடியில், பாசி மூடிய ஒரு பெட்டி. அறுந்த வார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நார்பர்ட் ஓடி வந்து துடைத்துப் பார்த்தான். அவனே சூடு வைத்துப் பொறித்த எழுத்து பின்னால் இருந்தது. முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் விரல் நுழையும் அளவுக்கு நாலு ஓட்டை. அது டுவேனின் நிலமும் இல்லை, நார்பர்ட்டின் சொந்தச் சதுப்பு. கேமரா கட்டியிருந்த மரம் அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது.

என் வீட்டில், என் மனைவி மர்லீனின் கணினியில் கார்டைப் போட்டோம். வேலை செய்யாது என்று நான் நினைத்தேன். செய்தது. மான், மான், ஒரு ரக்கூன், மறுபடி மான். பிறகு ஒரு பெரிய ஈர மூக்கு. அடுத்த படத்தில் நாக்கு. அடுத்தது முழு இருட்டு, ஓரத்தில் ஒரு பல் மட்டும் மின்னியது. பிறகு வானம், பிறகு சாய்ந்த மரங்கள், பிறகு தலைகீழாக நடந்து போகும் ஒரு கரடியின் பின்புறம். அதோடு முடிந்தது.

நான் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்போனேன். மர்லீனும் வாயைப் பொத்திக்கொண்டாள். நார்பர்ட் மட்டும் அந்த நாக்குப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேக்கன் கொழுப்பு" என்றான் மெதுவாக.

"என்னது?"

"கேமரா மூடியோட கொக்கி திறக்குறப்ப கிறீச்சுன்னு சத்தம் போட்டுது. கடை எண்ணெய் போட்டா மானுக்கு வாசம் தெரியும். அதான் காலையில வறுத்த பேக்கன் கொழுப்பை எடுத்துத் தடவினேன்."

காபி குடிக்காதவன், சோடாவில் துணி துவைப்பவன், கரடி திரியும் காட்டில் பன்றிக்கொழுப்பைத் தடவிக் கேமராவைக் கட்டிவிட்டு வந்திருக்கிறான். மானுக்கு வாசம் தெரியக் கூடாது என்று மட்டும் யோசித்த மண்டையில், கரடிக்கும் மூக்கு உண்டு என்பது ஏறவே இல்லை. இதைவிடப் பெரிய வேட்டைக்காரத் தப்பை நான் கேள்விப்பட்டதில்லை.

"சரி, நாளைக்குப் போய் டுவேன்கிட்ட சொல்லிடு மச்சான்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? கரடி எடுத்துச்சுன்னா அன்னிக்கே 'நான் எடுக்கல'ன்னு அவன் சொல்லியிருக்கலாமே?"

மர்லீனுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன்கிட்ட நிரூபிக்கணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து? முப்பது வருஷம் உன்கூட ஒரே குடிசையில படுத்தவரு. அவரைத் திருடன்னு நீ சொன்ன. வாயை மூடிக்கிட்டுப் போய்ச் சொல்லிட்டு வா அண்ணே."

"வாயை மூடிக்கிட்டு எப்படிடி சொல்றது?"

"அதை நீயே யோசி."

அவன் யோசித்தான். கேமராவைத் துணியில் சுற்றி, தன் குளிர்பெட்டியில் மான்கறிக்கு அடியில் ஒளித்து வைத்தான். முதல் பனி விழுந்தது. மறுநாள் டுவேன் வீட்டுப் பக்கம் போனபோது பார்த்தேன், வாசல் திறந்து கிடந்தது, பனி இரண்டு பக்கமும் ஒழுங்காக ஒதுங்கியிருந்தது. டுவேன் மண்வாரியைக் கையில் பிடித்தபடி, வெட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தான்.

அன்று மாலை நார்பர்ட்டைப் பிடித்தேன். "தகட்டைத் தூக்கிட்டா முடிஞ்சுதா? பேர் கெட்டது ஊர் முன்னால. வாசல் கூட்டி விட்டா சரியாப் போயிடுமா?"

"தெரியும்டா" என்றான். குரல் இறங்கியிருந்தது. "போய் நின்னா அவன் கதவைச் சாத்திட்டான்னா? இவ்வளவு நாளா அவன்தான் திருடன்னு நெனச்சு மனசைத் தேத்திக்கிட்டு இருந்தேன். சாத்திட்டான்னா எனக்கு அதுவும் இல்ல."

 அவனுக்கு இழக்க அந்த ஒரு நட்புதான் இருந்தது, அதையும் ஏற்கெனவே பாதி இழந்திருந்தான். எனக்கு முதல்முறையாக அவன் மேல் பாவமாக இருந்தது.

வேட்டைக்காலம் தொடங்கும் சனிக்கிழமை நண்பகலில் என் வாசலில் வந்து ஹாரன் அடித்தான். ஆரஞ்சு மேல்கோட்டு, உள்ளே அவனுக்குப் பிடித்த சிவப்புக் கம்பளிச் சட்டை. "ஏறு" என்றான். வண்டி நேராக டுவேனின் குடிசைக்குப் போனது.

கதவைத் தட்டாமல் உள்ளே போனான். அந்தக் குடிசையில் யாரும் தட்டி வந்ததில்லை. டுவேன் அடுப்பில் பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தான், கரண்டி அப்படியே நின்றது. பின்சுவர் நிறையப் பழைய சட்டைத் துண்டுகள் ஆணியில் தொங்கின. குறி தவறிச் சுட்டவனின் சட்டையில் பின்னால் தொங்கும் வாலை வெட்டி, பேரும் வருடமும் எழுதிச் சுவரில் அடிப்பது எங்கள் ஊர்க் குடிசைகளின் சட்டம். வெட்டும்போது மறுத்துப் பேசக் கூடாது, காரணமும் சொல்லக் கூடாது.

நார்பர்ட் மேல்கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தான். டுவேனுக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டையைக் கால்சட்டைக்குள்ளிருந்து உருவி வெளியே விட்டான்.

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி சுட்டேன்" என்றான். "தப்பிப் போச்சு. கேமராவை எடுத்தது கரடி. வெட்டு."

டுவேன் அசையவில்லை.  நான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டேன், ஓட வேண்டியிருந்தால் வசதியாக இருக்கட்டும் என்று. பிறகு டுவேன் இடுப்புக் கத்தியை உருவினான். வாலைப் பிடித்தான். வெட்ட ஆரம்பித்தான். வால் முடிந்தும் கத்தி நிற்கவில்லை. இடுப்பைத் தாண்டி, முதுகைத் தாண்டி, கழுத்துப்பட்டை வரை போனது.

"டேய், குளிருதுடா!" என்றான் நார்பர்ட்.

"பேசக் கூடாது. சட்டம். இந்தத் தப்புக்கு வால் பத்தாது."

முதுகு முழுவதையும் வெட்டி எடுத்து, சுவரில் நடுவாக விரித்து நாலு ஆணி அடித்தான். நார்பர்ட் வெற்று முதுகோடு நின்றான். தோள் குலுங்கியது. சிரிக்கிறான் என்று நினைத்தேன். திரும்பியபோது கண் நனைந்திருந்தது. என் கண்ணும்தான், சும்மா சொல்லக் கூடாது.

"கரடி படம் இருக்கா?" என்றான் டுவேன்.

சட்டையின் முன்பக்கம் மட்டும் மிச்சம் இருந்தது, நல்லவேளை பை அந்தப் பக்கம். நார்பர்ட் அச்சுப் போட்ட படங்களை எடுத்து மேஜையில் பரப்பினான். டுவேன் மூக்கைப் பார்த்தான், நாக்கைப் பார்த்தான், கடைசிப் படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

"இது ஆம்பளைக் கரடி இல்லடா. பொம்பளை. பின்பக்கத்தைப் பாத்தா தெரியல?"

"ஆம்பளைதான். மூக்கு எவ்வளவு பெருசு பாரு."

"ஆறு வருஷமா உனக்கு ஒருத்தனும் சொல்லித்தரல போல" என்று டுவேன் என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

ஒரு மணி நேரம் அந்தக் கரடியின் பின்புறத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நான் சூப்பைக் குடித்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். கடைசியில் நார்பர்ட் குனிந்தபடி கேட்டான்.

"ஏன்டா அன்னிக்கு எடுக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லல?"

டுவேன் படங்களை அடுக்கினான். "நீ கேக்கலியே நார்பு. எடுத்தேன்னு நேரா சொல்லிட்ட. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

 நார்பர்ட் தொண்டையைச் செருமினான்.

"சரி, இப்பக் கேக்குறேன். நாளைக்கு நான் இங்க வரலாமா?"

டுவேன் எழுந்து போய், கொக்கியில் தொங்கிய தன் கம்பளிச் சட்டையை எடுத்து அவன் மடியில் போட்டான்.

"நாளைக்கு என்ன வர்றது? உன் படுக்கையில வேற எவனையும் நான் படுக்க விடல. இதைப் போட்டுக்க, சளி பிடிக்கும்."