அட்டாலிக்கு ஒரு வாழ்த்து அட்டை

1995 ஜூன் 11. குளியலறைக்கு மேலுள்ள பரணில், அதாவது அட்டாலியில், குழாய் இணைப்பில் கசிவு. குழாய்க்காரர் சணல் சுற்றி இறுக்கினார்.

ஜூன் 18. ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் கசிவு எச்சரிக்கைக் கருவி பொருத்தப்பட்டது.

ஜூலை 30. சோதனை. கருவி ஒலிக்கவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது.

ஆகஸ்ட் 20. பேட்டரி இல்லாத கருவி பொருத்தப்பட்டது. நான்கு சோதனைகள், நான்கிலும் ஒலித்தது.

செப்டம்பர் 3. மீண்டும் கசிவு. கருவி ஒலிக்கவில்லை.

என் குறிப்பேட்டில் உள்ளது இவ்வளவே. அந்த இணைப்புக்கு நேர் கீழே, டி.வி. வந்த அட்டைப்பெட்டி ஒன்று இருந்ததை அதில் நான் எழுதவில்லை. கல்லூரியில் தாவரவியல் கற்பித்த என் மனைவி, இருபது ஆண்டுகளாக உலர்த்தித் தாளில் ஒட்டிவைத்த செடிகள் அதில் இருந்தன. அவள் அவ்வாண்டு மார்ச்சில் காலமானாள். பெட்டியை அங்கே வைத்தது அவள்.

குழாய்க்காரர் முதல் நாளே ஏணியிலிருந்து கேட்டார்: “ஏனுங்க சார், இந்தப் பெட்டியக் கீழ எறக்கி வெச்சுப்போட்டா சோலி தீந்துதுங்களே?”

கசிவை உரிய நேரத்தில் அறிவதே அடிப்படைப் பிரச்சினை என்றும், பெட்டியின் இருப்பிடம் இரண்டாம்பட்சம் என்றும் விளக்கினேன். பீளமேட்டுக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் மின்னியல் கற்பித்தவனுக்கு இப்படிப்பட்ட விளக்கங்கள் தடையின்றி வரும். அவர் கீழே நின்ற சமையல்கார அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா அட்டாலியைப் பார்த்தார்.

முதல் கருவியின் குறை அதன் பேட்டரி. அதை மாற்ற அட்டாலிக்குள் மார்பால் தவழ வேண்டும். அறுபத்திரண்டு வயதில் நான் ஒருமுறை தவழ்ந்தேன். திரும்பி வர வழியின்றி, குழாய்க்காரர் வந்து காலைப் பிடித்து இழுக்கும்வரை அங்கேயே கிடந்தேன். கீழிருந்து மின்கம்பி இழுக்கலாம். ஆனால் மின்வெட்டு நேரத்தில் குழாய் கசியாது என்று யார் உறுதி சொல்வது? ஆகவே கசியும் நீரே கருவிக்கு மின்சாரம் தரட்டும் என்று முடிவு செய்தேன். தீர்ந்துபோன டார்ச் செல்களின் துத்தநாக உறையை நறுக்கி, செப்புத் தகடுகளோடு சேர்த்து, இடையில் மையொற்றும் தாள் வைத்தேன். தாள் நனைந்தால் அதுவே பேட்டரி. அத்தனை சிறிய மின்சாரத்தில் ஒலிக்கக்கூடியது, திறந்தால் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டையின் உள்ளுறுப்பு மட்டுமே.

காந்திபுரத்தில் மூன்று அட்டைகள் வாங்கினேன்.

“பேரனுக்குங்களா?” என்றார் கடைக்காரர்.

“அட்டாலிக்கு” என்றேன். அவர் மூன்றையும் உறையில் போட்டுக் கொடுத்தார்.

சோதனையின்போது தகடுகளில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியதும் பிறந்தநாள் மெட்டு எழுந்தது. துக்கம் விசாரிக்க அப்போதும் ஓரிருவர் வந்துகொண்டிருந்த வீடு. சமையல்கார அம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

“பெட்டிய எறக்கச் சொன்னா, சார் பாட்டுப் பெட்டி செஞ்சுபோட்டாருங்க!”

செப்டம்பர் மூன்றாம் தேதி காலை அதே அம்மாதான் வந்து சொன்னார்: “குளியலறைச் செவுரு நனைஞ்சு கெடக்குதுங்க. உங்க மிஷினு இன்னும் எந்திரிக்கலீங்களா?”

குழாய்க்காரர் ஏறினார். தகடுகள் சொட்டச்சொட்ட நனைந்திருந்தன, சத்தமில்லை. காரணம் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர். சிறுவாணி அணையிலிருந்து வரும் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்; ஆழ்குழாயின் உப்புத் தண்ணீர் மற்ற எல்லாவற்றுக்கும். நல்ல தண்ணீரில் ஒரு டம்ளரைக்கூட வேறு காரியத்துக்குத் தொடக்கூடாது என்பது என் மனைவியின் சட்டம். அச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நான்கு சோதனைகளையும் உப்புத் தண்ணீரில் செய்தேன். அடுப்படிக்குப் போகும் அட்டாலிக் குழாயில் ஓடியதோ சிறுவாணி. அதில் உப்பு மிகக் குறைவு. ஆகவே மின்சாரமும் மிகக் குறைவு. வெளியூர் விருந்தினர் எல்லாரிடமும் அந்தத் தண்ணீரின் தூய்மையை நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

“உப்புத் தண்ணி ஒழுகியிருந்தா நல்லாப் பாடியிருக்குமுங்க சார்” என்று ஆறுதல் சொன்னார் குழாய்க்காரர். பிறகு குரல் தணித்து, “பெட்டி அடியில ஊறிப்போச்சுங்க. எறக்கட்டுங்களா?” என்றார்.

“இறக்குங்கள்” என்றேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தோம். அடியிலிருந்த ஆறு தாள்கள் நனைந்திருந்தன. அவள் செய்த முறைப்படியே செய்தித்தாள்களுக்கிடையே வைத்து, மேலே என் மின்னியல் நூல்களை அடுக்கினேன். நான் படிக்குமுன் செய்தித்தாள் செடிகளுக்குப் போய்விடுகிறது என்று அவளோடு வாதிட்டதுண்டு. அன்றைய தாளை நானும் படிக்கவில்லை.

நனைந்த தாள்களில் ஒன்றில் செடியின் பெயருக்கான இடம் காலி. கீழே அவள் கையெழுத்து, மை சற்றே பரவியிருந்தது: “வால்பாறைச் சாலை ஓரம். மழை. உடன் வந்தவர்: கணவர். குடை பிடித்தார், செடிக்கு அல்ல, தனக்கு.”

சமையல்கார அம்மா அதை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “அம்மணி சரியாத்தானுங்க எழுதியிருக்காங்க” என்றார்.

செய்யாமல் நிற்பவை:

அட்டாலிக் குழாயை மாற்றுவது.

மையொற்றும் தாளை உப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்தி, சிறுவாணித் தண்ணீரிலேயே சோதிப்பது. ஒரு டம்ளர் போதும்.

பெட்டியை மீண்டும் மேலே ஏற்றுவதா என்று முடிவு செய்வது. குழாய்க்காரர் இருமுறை கேட்டுவிட்டார். மேசையில் பெட்டி இருப்பதால் சாப்பாடு இப்போது அடுப்படியில்.

வால்பாறைச் செடியின் பெயரை விசாரித்து எழுதுவது. பென்சிலால்.