ஸ்ரீநிவாசராகவனின் ஞாயிற்றுக்கிழமை பிரெட்

மாடம்பாக்கத்தில், கோயிலுக்குப் போகும் வழியில் இருக்கும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் ஸ்ரீநிவாசராகவனை அறியாதவர் இல்லை. கிண்டியில் ஒரு பம்ப் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தவர். வேலையிலிருந்துதான் ஓய்வு பெற்றார், தரத்தை விடவில்லை. லிஃப்ட் நிற்கும்போது லேசாக உலுக்கினால்கூட சங்கச் செயலாளர் சத்யநாராயணனை வரவழைத்து, கூடவே ஏறி இறங்க வைத்துக் காட்டுவார். தண்ணீர் லாரி வந்தால் ஒரு டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்த பிறகுதான் குழாயைத் தொட்டியில் விட அனுமதி.

இவ்வளவு கறாரான மனிதர் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வள்ளலாகிவிடுவார். மகள் சின்மயி புனேவுக்குப் போகும்போது எடுத்துப்போக மனமில்லாமல் விட்டுச் சென்ற பிரெட் மேக்கர் ஒன்று அவரிடம் இருந்தது. அதில் கோதுமை, ராகி, முருங்கைக்கீரைப் பொடி என்று வாரத்துக்கொரு புதுமையாகப் போட்டு ரொட்டி செய்வார். சூடு ஆறுவதற்குள் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் மணி அடிப்பார்.

"பேக்கரியே தோத்துடும் சார்!" என்பார் சத்யநாராயணன்.

"எங்க பசங்க ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு காத்துக்கிட்டிருப்பாங்க" என்பார் கீழ்வீட்டு டீச்சர் புஷ்பலதா.

ஸ்ரீநிவாசராகவன் மட்டும் ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. சர்க்கரை வியாதி. ஊரார் சாப்பிட்டுச் சொன்னால் போதாதா?

அந்த பிரெட் மேக்கருக்கு வயதாகிவிட்டது. முதலில் கிறீச்சிட்டது. பிறகு மேடையிலேயே நகர்ந்து நகர்ந்து போய் மிக்ஸியை இடித்தது. கடைசியில் ஒரு ஞாயிறு ரப்பர் கருகிய நாற்றம் வீட்டை நிரப்ப, மூடியைத் திறந்தால் அடியில் வறட்டு மாவும் மேலே தண்ணீருமாக, போட்டது போட்டபடி கிடந்தது.

ரிப்பேர் செய்வதா, புதிது வாங்குவதா? இதைத் தனியாக முடிவு செய்ய அவருக்கு மனமில்லை. ரொட்டி எல்லோருக்கும் பொதுவாயிற்றே. முதலில் சத்யநாராயணனிடம் போனார்.

"பழசை ரிப்பேர் பண்ணவே கூடாது சார். கரண்ட் லீக் ஆகும். ஆள் போயிடும்" என்றார் செயலாளர்.

"அப்ப புதுசு வாங்கிடலாம்ங்கறீங்களா?"

"ஐயையோ! இப்ப வர்றதெல்லாம் வெறும் பிளாஸ்டிக். உங்க தரத்துக்கு ஒத்தே வராது."

புஷ்பலதாவிடம் கேட்டார். பழைய மெஷினின் உட்பூச்சு உரிந்து வயிற்றுக்குள் போகும் என்றார் டீச்சர். புதிதென்றாலோ ஆரம்பத்தில் ஒரு மாதிரி வாடை வரும், ஒவ்வாமை வந்துவிடும் என்றார். ஸ்ரீநிவாசராகவன் மாடிக்கு மாடி ஏறி இறங்கினார். ரிப்பேரும் கூடாது, புதிதும் கூடாது என்பதில் அந்தக் குடியிருப்பு ஒரே குரலில் பேசியது. பார்க்கிங் விஷயத்தில்கூட வராத ஒற்றுமை.

"என் உடம்பு மேல எல்லாருக்கும் எவ்வளவு அக்கறை பாத்தியா காமு?" என்று மனைவியிடம் நெகிழ்ந்தார். காமு அடுத்த வெண்டைக்காயை எடுத்து நறுக்கினாள்.

இருந்தாலும் அவருக்கு மனம் கேட்கவில்லை. மிக்ஸி, கிரைண்டர் எதுவானாலும் அந்தக் குடியிருப்பே தூக்கிக்கொண்டு போகும் கடை இரும்புலியூரில் இருந்தது. பிரெட் மேக்கரை ஒரு பையில் போட்டு அங்கே தனசேகரிடம் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்துப் போனபோது, தனசேகர் அவரைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தான்.

"இன்னா சார் சொல்றது... பேஜாராப் பூடுச்சு."

"மோட்டார் போயிடுத்தா?"

"மோட்டார் கல்லு மாதிரி கீது சார். பெல்ட்டுதான் அறுந்துகினு கீது. மாத்துனா ஓடும். ஆனா, இத்த ரெடி பண்ணாதேன்னு உங்க அபார்ட்மென்ட்லேர்ந்து ஒரே ஃபோனு. செயலாளர் சார் பேசுனாரு. டீச்சரம்மா பேசுச்சு. 'அந்த ரொட்டியத் துன்னா தாடையே கயண்டுடும், ரெடி பண்ணாம வுட்டா உனக்குப் புண்ணியமாப் போவும்'னாங்க. நான் யார் பேச்சக் கேக்கறது?"

ஸ்ரீநிவாசராகவன் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டுப் பேருந்துகளின் ஹாரன் எங்கேயோ தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. "வேற யாராவது பேசினாளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

தனசேகர் மறுபடி தலையைச் சொறிந்தான். "மொத மொத ஃபோன் பண்ணதே உங்க வூட்டு அம்மாதான் சார்."

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார். "நீயுமா காமு?"

காமு மழுப்பவில்லை. "ஆமா, பேசினேன். ஞாயித்துக்கிழமை ஆனா சமையல்கட்டு முழுக்க மாவு. அடுத்தாத்துக்காரா முகத்துல முழிக்க முடியல. ஏன்னா, ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டு நீங்க தின்னு பாத்திருக்கேளா?"

ஃப்ரீசரிலிருந்து பழைய முருங்கை ரொட்டியின் மிச்சத்தை எடுத்துத் தோசைக்கல்லில் சுட்டு வைத்தாள். அவர் கடித்தார். மென்றார். காமு காபி போட்டு, ஆற்றி, எடுத்துக்கொண்டு வந்தபோதும் மென்றுகொண்டிருந்தார். கடைசியில் காபியின் துணையோடு அதை உள்ளே தள்ளினார்.

"கம்பெனியா இருந்தா இதை கேட்டைத் தாண்டி வெளிய விட்டிருக்க மாட்டேன்" என்றார். தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

காமுவுக்குப் பாவமாகிவிட்டது. "தூக்கிப் போட வேண்டாம். பெல்ட்டை மாத்திண்டு வாங்கோ. சப்பாத்தி மாவு பிசைய எனக்கு ஆகும். கை வலி உயிர் போறது."

பெல்ட் மாற்றியாயிற்று. சனிக்கிழமை மாலை ஸ்ரீநிவாசராகவன் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் நிதானமாகத் தட்டினார்: 'நற்செய்தி. பிரெட் மேக்கர் சரியாகிவிட்டது. நாளை காலை அனைவரையும் சந்திக்கிறேன்.' கும்பிடும் கைகளும் கைதட்டல்களும் மளமளவென்று வந்து விழுந்தன. சத்யநாராயணன் ஒரு பூங்கொத்தே போட்டிருந்தார்.

ஞாயிறு விடிந்ததும் அவர் பால்கனியில் போய் நின்றுகொண்டார். சத்யநாராயணன் குடும்பத்தோடு வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பினார். புஷ்பலதா பிள்ளைகளைத் தலைகூட வாரவிடாமல் ஆட்டோவில் ஏற்றினார். மூன்றாம் மாடிக்காரர் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் ஓடினார். ஒவ்வொருவருக்கும் ஸ்ரீநிவாசராகவன் மேலிருந்து அன்போடு கையசைத்தார்.

"ஏன்னா, சப்பாத்தி மாவு ஆயிடுத்து. வரேளா?" என்று உள்ளிருந்து காமு கூப்பிட்டாள்.

"இரு, இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு" என்றார் அவர்.