ஆழத்தில் போடாத விதை

மழைக்காக எல்லாரும் முழங்காலில் நின்றபோது நான் மட்டும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன். போன புரட்டாசியில் எங்கள் சபையில் நடந்த மழை ஜெபத்தைத்தான் சொல்லுகிறேன். பெய்கிற மழை என் மகளின் கல்லறை மேலும்தானே பெய்யும் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே நனைந்தால் அவளுக்குச் சளி பிடித்துவிடும்.

என் பெயர் ஜெபமணி. நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமம். எங்கள் ஒரே மகள் பியூலா புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய மார்கழியில் காய்ச்சல் என்று வந்து படுத்தாள். கிறிஸ்துமசுக்கென்று அவளே தைத்து வைத்திருந்த சுடிதாரை அவளுக்குப் போட்டு அடக்கம் பண்ணினோம். இதற்கு மேல் அதைச் சொல்ல என்னால் ஆகாது.

எனக்காவது அழ முடிந்தது. என் வீட்டுக்காரர் அழவே இல்லை. கடைசி மண்ணைப் போட்டுவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான், பேச்சு நின்றுவிட்டது. முன்பெல்லாம் அவர் வாய்க்கு ஊரே பயப்படும். தெருவில் போகிற கோழியையும் நிறுத்தி வைத்துத் திட்டுவார். அந்த மனிதர் தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பங்குனியில் ஊரே மிளகாய் வற்றல் காயப்போட்டது. எங்கள் செடியில் பழம் பறிக்க ஆளில்லாமல் உதிர்ந்தது. ஆடிக்காற்று வீட்டுக்குள் புழுதியைக் கொண்டுவந்து கொட்டியது. அவர் போர்வையைக்கூட உதறவில்லை.

கோவில்பட்டியில் டாக்டரிடம் காட்டினேன். "உடம்புல ஒண்ணும் இல்லம்மா, மனசுதான். மாத்திரையை விடாம குடுங்க. இப்படிச் சாப்பிடாமக் கிடந்தா ஆள் தாங்க மாட்டாரு" என்றார். கொடுத்த மாத்திரையெல்லாம் தலையணைக்கு அடியில் கிடந்தது. வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். ஒரு நாள் உச்சி வெயிலில் ஆளைக் காணோம். தேடிப் போனால், கல்லறைத் தோட்டத்தில் மகளுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக் கிடக்கிறார். தனக்கு அந்த இடம் போதுமா என்று கையால் அளந்துகொண்டிருந்தார்.

அவரைக் கைப்பிடித்து இழுத்து வந்து படுக்க வைத்துவிட்டு, அடுப்படியில் நின்று ஆண்டவரோடு சண்டை போட்டேன். "பிள்ளையைத்தான் எடுத்துக்கிட்டீரு. இந்த மனுசனையும் எடுக்கப் போறீரா? எனக்கு மழை வேண்டாம், வெள்ளாமை வேண்டாம். அவிய ஒரு வார்த்தை பேசட்டும். என்னைத் திட்டவாவது செய்யட்டும்" என்றேன். அந்த ஜெபத்துக்கு நான் ஆமென்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு கசப்பு.

எங்கள் பக்கத்தில் மழைக்குப் பிறகு விதைப்பதில்லை. புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டுக் காத்திருப்போம். ஆனால் ஆழமாகப் போட வேண்டும். அப்போதுதான் ஒரு தூற்றலுக்கு ஏமாந்து முளைக்காமல், பெருமழை இறங்கும்வரை விதை பத்திரமாகக் கிடக்கும். இது எனக்குத் தெரியாதது இல்லை. நம் காடு மட்டும் தரிசாகக் கிடக்க வேண்டாமே என்று டிராக்டர்க்கார அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் சோளம் விதைக்கப் போனேன். கலப்பை கீறிய கறுப்பு மண்ணைக் குனிந்து பார்த்தேன். எனக்குப் பியூலாவின் குழிதான் தெரிந்தது.

"ஆழம் வேண்டாம் அண்ணாச்சி. மேலாப்புல போடுங்க."

"மேலாப்புல போட்டா தூத்தலுக்கே முளைச்சிருமேம்மா. பொறவு வெயில் கருக்கிரும்."

"முளைச்சா முளைக்கட்டும். மண்ணை அள்ளிப் போட்டு மூடாதீங்க" என்று அழுதேன். அவர் நான் சொன்னபடியே செய்துவிட்டுப் போனார்.

சில நாளில் ஒரு தூற்றல் விழுந்தது. ஊரில் எங்கள் காட்டில் மட்டும் பச்சை. பைத்தியக்காரி மாதிரி தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெயில் அடித்தது. மேகம் வந்து வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. அத்தனை பயிரும் நுனி கருகிப் படுத்துவிட்டது. மறுபடியும் மகளைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது. ஒரு பிடி பிடுங்கிக்கொண்டு வந்து அவர் கட்டிலில் போட்டுவிட்டுத் தரையில் விழுந்து கதறினேன்.

"எல்லாம் செத்துப் போச்சுங்க. நாமளும் போயிருவோம்" என்றேன். எனக்குள் ஜெபமும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

அவர் மெல்லத் திரும்பினார். ஒரு பயிரை எடுத்து வேரை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏட்டி" என்றார். தொண்டை கரகரத்தது. "மேலாப்புலயா விதைச்ச? கூறுகெட்டவளே, உன் புத்தி எங்கன போச்சு?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். "ஆழத்துல போட மனசு வரலைங்க. பிள்ளையைப் போட்ட மாதிரி இருந்துச்சு" என்றேன்.

அவர் பயிரைக் கீழே வைத்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். மார்கழியில் அழ வேண்டிய அழுகையை அன்றைக்குத்தான் அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். வெகுநேரம் கழித்து, "விதை மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். முதலில் கஞ்சியைக் குடிங்க என்றேன். குடித்தார்.

மறுநாள் அவரே காட்டுக்கு வந்தார். நிற்கத் தெம்பில்லாமல் வரப்பில் உட்கார்ந்துகொண்டு, என்னையும் டிராக்டர்க்காரரையும் திட்டித் திட்டி விதைக்க வைத்தார். "இன்னும் ஆழமா விடுங்க அண்ணாச்சி" என்றபோது மட்டும் குரல் உடைந்தது. விதை மேல் மண் மூடுவதை நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். ஐப்பசியில் பெருமழை இறங்கியது. முதலில் விளைந்த கதிர்களை ஆலயத்தில் கொண்டுபோய் வைத்தோம்.

மகளை நாங்கள் மறக்கவில்லை. மறுபடி மார்கழி வந்தபோது இருவரும் சேர்ந்து கல்லறைக்குப் போய் அழுதுவிட்டு, சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். இப்போது மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார். உங்கள் வீட்டிலும் யாராவது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், ஜெபத்தையும் விடாதீர்கள். அழகாக ஜெபிக்கத் தெரிய வேண்டாம். என்னைப் போலச் சண்டை போட்டாலும் ஆண்டவர் கேட்கிறார்.

நேற்றுக் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று தெருவுக்கே கேட்கும்படி என்னைத் திட்டினார். பக்கத்து வீட்டுக்காரி பாவப்பட்டு எட்டிப் பார்த்தாள். நான் அடுப்படியில் நின்று, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட ஆமெனைச் சொன்னேன்.